கல்லின் மேனியும் களத்தின் கோலமும்

சித்தூரிலிருந்து திருப்பதி நோக்கிச் செல்லும் சாலையில் புத்தலப்பட்டைக் கடக்கிற யாத்திரிகர்களில் பெரும்பாலோர், காணிப்பாக்கம் விநாயகரைத் தரிசித்துவிட்டு ஏழுமலையானைக் காணப் போகிற அவசரத்தில் இருப்பவர்களாகையால், சாலையின் இரு மருங்கிலும் விரிந்து கிடக்கும் பூமியைக் கண்ணெடுத்துப் பார்ப்பதில்லை; பார்த்தாலும், உருண்டு திரண்ட கருங்கற் குன்றுகளும், அவற்றின் அடிவாரத்தில் வரிசை பிடித்து நிற்கும் மாந்தோப்புகளும், இடையிடையே கரும்பும் நிலக்கடலையும் விளையும் வயல்களும் தவிர இங்கே படம் பிடிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணிக் கைப்பேசியைக் கோயில் வாசலுக்கென்று பத்திரப்படுத்திக்கொள்கிறார்கள். கோபுரத்தின் முன் குடும்பத்தோடு நின்று எடுத்துக்கொண்ட படம் வீட்டில் ஒரு ஞாபகார்த்தமாக இருக்கட்டும். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் புகைப்படம் என்னும் கலையின் ஆதாரமான லட்சணங்களில் இரண்டைத் தெளிவாகக் கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு, இந்தச் சித்தூர்ச் சீமையைவிட நல்ல பாடசாலை அகப்படுவது அரிது என்பது என் அபிப்பிராயம்.

அந்த லட்சணங்களில் ஒன்று, ஒரே உருவமோ கோடோ நிறமோ திரும்பத் திரும்ப வந்து கண்ணுக்கு ஒரு லயத்தை உண்டாக்குவது. அதைக் கோலம் என்று சொல்லுவோம். மற்றொன்று, ஒரு பொருளைத் தொட்டால் விரல்நுனி எதை உணருமோ அந்தச் சொரசொரப்பையும் வழவழப்பையும் ஈரத்தையும் வறட்சியையும், தொடாமலே கண் உணரும்படி செய்வது. அதை மேனி என்போம். நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு ஒன்றைத் தெருக்கோடியிலிருந்து பார்த்தால், கூரை முழுவதும் ஒரே அளவான வளைவுகள் அடுக்கடுக்காக இறங்கி வருவது தெரிகிறது. அதே கூரையைத் தாழ்வாரத்தின் கீழ் நின்று கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தால், சூளைத் தீ அதிகமாகப் பட்ட ஓடு ஒன்று கறுத்திருப்பதும், மழைநீர் தங்கிய ஓடு ஒன்று பாசி படர்ந்திருப்பதும், திரிகையில் சுழன்ற ஈரமண்ணின்மீது குயவருடைய விரல் பதித்த ரேகைகள் சுட்ட பிறகும் அழியாமல் நிற்பதும் புலப்படுகின்றன. முன்னது கோலம், பின்னது மேனி. பொருள் ஒன்றுதான், பார்க்கிறவர் நாலு அடி முன்னே வந்ததனால் படமே வேறாகிவிட்டது.

மேனியைக் காட்டுவது காமிராவின் சாமர்த்தியம் என்றும், விலை உயர்ந்த லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் கல்லும் மரமும் தாமே பேசத் தொடங்கிவிடும் என்றும் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது சூரியனுடைய காரியம். கல்லின் முகத்தில் சிற்றுளி விட்டுச்சென்ற ஒரு மேடு, ஒரு மில்லிமீட்டர் உயரந்தான் என்று வைத்துக்கொள்வோம். ஒளி அந்தக் கல்லுக்கு நேர் எதிரே இருந்து விழுமானால் மேட்டுக்கு நிழலே கிடையாது. கண்ணுக்கு அது இல்லாததற்குச் சமானம். ஒளி பரப்பை ஒட்டினாற்போல் 15 பாகைச் சாய்வில் வருமானால், அந்த ஒரு மில்லிமீட்டர் மேடு ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் நீளத்துக்கு நிழலை வீழ்த்தும். சாய்வு 45 பாகையானால் நிழல் மேட்டின் உயரத்துக்குச் சரியாகக் குறுகிவிடும். 60 பாகையானால் பாதியளவுக்குச் சற்று மேலே நிற்கும். ஆக, மேனி என்று நாம் படத்தில் காண்பதெல்லாம் எண்ணிறந்த சிறு நிழல்களின் சமுதாயமே. காமிராவின் நெற்றியிலிருந்து பாயும் ஃபிளாஷ் வெளிச்சம் சிற்பங்களையும் சுவர்களையும் ஏன் தட்டையாக்கிவிடுகிறது என்பதற்கும் இதுவே காரணம்: கண்ணும் விளக்கும் ஒரே இடத்தில் இருந்துவிட்டால், நிழல் விழுந்தாலும் அது பொருளுக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும்.

இதில் நம் நாட்டுக்கு உரிய ஒரு கஷ்டம் உண்டு. லண்டன் நகரத்தில் டிசம்பர் மாதப் பிற்பகுதியில் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 15 பாகை உயரத்துக்கே எழுகிறது. அங்கே இருப்பவர் காலைப் பலகாரத்தை நிதானமாக முடித்துக்கொண்டு புறப்பட்டாலும் சாய்ந்த ஒளி அவருக்காகக் காத்திருக்கும். பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிற நமக்கோ, உதயமான சூரியன் மணிக்குப் பதின்மூன்று பதினான்கு பாகை வீதம் விறுவிறுவென்று மேலேறிவிடுகிறான். களத்து மண்ணையும் நெற்பரப்பையும் உழுத வயலையும் படம் பிடிக்க விரும்புகிறவருக்கு உதயத்துக்குப் பின் ஒரு மணி நேரமும், அஸ்தமனத்துக்கு முன் ஒரு மணி நேரமுமே சொந்தம். மேல்நாட்டார் எழுதிய புகைப்பட நூல்களைப் படித்துவிட்டு எட்டு மணிக்கு எழுந்து போகிறவர், சப்பென்று வெளுத்துப்போன படங்களோடு திரும்பி வந்து காமிராவை நொந்துகொள்கிறார்.

ஆனால் கிடையான தரைக்கு விரோதமான அதே உச்சிவெயில், நிமிர்ந்து நிற்கும் சுவருக்குப் பரம சிநேகிதன் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நம் முன்னோர்கள் உத்தராயணம், தட்சிணாயனம் என்று சூரியனுடைய கதியைப் பகுத்தார்களே, அதைப் பஞ்சாங்கத்தோடு விட்டுவிடாமல் காமிராக்காரரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மார்கழியில் சூரியன் கிழக்குக்குத் தெற்கே சுமார் 24 பாகை விலகி உதிக்கிறான். ஆகையால் தெற்கு நோக்கிய சுவர்கள் அம்மாதத்தில் காலை வெயிலைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு, செதுக்கிய ஒவ்வொரு கோட்டையும் எடுத்துக் காட்டுகின்றன. ஆனியில் இது தலைகீழாகிறது. சித்தூரின் தலைக்கு நேரே ஏப்ரல் இறுதி வாரத்தில் வந்து நிற்கும் சூரியன், ஆகஸ்டு மூன்றாம் வாரத்தில் மறுபடி திரும்பி வரும் வரையில் நண்பகலில் வடபுறமாகவே இருக்கிறான். அப்போது, ஆண்டின் மற்ற நாட்களில் நடுப்பகல் வெயிலையே அறியாத வடக்குச் சுவரின்மீது, மேகம் கவியாத நாட்களில், ஒளி மேலிருந்து வழிந்தாற்போல் இறங்குகிறது. ஆனி மாத நண்பகலில் சுவருக்கும் கதிருக்கும் இடையே உள்ள சாய்வு 10 பாகைதான். கோயில் சுவர்களில் கொடுங்கை நீண்டிருப்பதால் அந்நேரத்தில் அதன் நிழல் சிற்பங்களை மூடிவிடும் என்பது வாஸ்தவமே. ஆனால் கொடுங்கையற்ற கோட்டை மதில்களுக்கும், செங்குத்தான பாறை முகங்களுக்கும், சாமானிய வீட்டுச் சுவர்களுக்கும் அந்தத் தடை இல்லை. சந்திரகிரியில், விஜயநகர மன்னர்களுடைய கடைசித் தலைநகரங்களுள் ஒன்றாக விளங்கிய அவ்வூரில், பெரிய பெரிய பாறைத் துண்டங்களை அடுக்கி எழுப்பிய மதிலை இந்தக் கணக்கோடு ஒருமுறை சுற்றி வந்தால், எந்த மாதத்தில் எந்தப் பக்கம் பேசும், எந்தப் பக்கம் மௌனமாக இருக்கும் என்பது பிரத்தியட்சமாக விளங்கும்.

கல்லைப் பற்றிப் பேசும்போது, இந்தச் சீமையில் ஒன்றுக்கொன்று நேர்மாறான சுபாவமுடைய இரண்டு கற்கள் உண்டென்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. புத்தலப்பட்டைச் சூழ்ந்த கருங்கல் ஒரே பிண்டமாக இறுகிய பாறை; அதற்குக் கோலம் கிடையாது, மேனி மட்டும் உண்டு. அருகில் சென்றால் வெண்மையும் சாம்பலும் கருமையுமான மணிகள் நெருங்கிப் பதிந்திருப்பதும், அவற்றிடையே அப்பிரகத் துணுக்குகள் வெயிலில் மின்னுவதும் தெரியும். வெயிலிலும் குளிரிலும் விரிந்து சுருங்கி வெங்காயத் தோல் உரிவதுபோல் மேலேடு பெயர்ந்து நிற்கும் பாறைகளும், கல்லுடைப்பவர்கள் ஆப்பு இறக்குவதற்காக வெட்டிய குழிகள் ஒரே இடைவெளியில் வரிசையாக நிற்கும் பிளந்த பாறைகளும் எங்கும் கிடக்கின்றன. இயற்கை மேனியைத் தந்த இடத்தில் மனித உழைப்பு ஒரு கோலத்தைப் போட்டுவிட்டுப் போயிருப்பதற்கு அந்தக் குழிவரிசையைக் காட்டிலும் நல்ல திருஷ்டாந்தம் இல்லை. திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் பாதையிலோ செந்நிறம் பாய்ந்த படிகக்கல் ஏடு ஏடாகக் கிடையாகப் படிந்திருக்கிறது; கோலம் அங்கே கல்லுக்குள்ளேயே இருக்கிறது. கீழே கிடக்கும் பழைய கருங்கல்லுக்கும் அதன் மேல் அமர்ந்த படிவப் பாறைக்கும் இடையே ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகள் கழிந்திருப்பதாக நிலவியலார் கணித்திருக்கிறார்கள். மேலே திருமலையில் சிலாதோரணம் என்று பக்தர்கள் கண்டு வியக்கும் இயற்கை வளைவும் அத்தகைய ஏடுகள் தேய்ந்து உதிர்ந்ததால் உண்டானதே. அதற்குமுன் நின்று தம்மைத்தாமே படம் எடுத்துக்கொள்கிறவர்கள், ஒரு நிமிஷம் திரும்பி நின்று அந்த ஏடுகளின் விளிம்பை மட்டும் சட்டம் நிறைய எடுத்துப் பார்த்தால், காலம் என்கிற அருவப் பொருளுக்கே ஓர் உருவம் கிடைத்துவிட்டதை உணர்வார்கள்.

கல்லின் மேனியைக் காமிராவால் கவர்வது நம் பக்கத்தில் புதிய வித்தையன்று. 1856-ல் சென்னை அரசாங்கம் தன் புகைப்படக்காரராக நியமித்த லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவ அதிகாரி, தென்னாட்டுக் கோயில்களையும் கோட்டைகளையும் காகித நெகடிவில் படம் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தபோது அவர் செய்த காரியம் இன்று நினைத்தாலும் பிரமிப்பூட்டுவது. விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ராஜராஜன் பொறித்த கல்வெட்டுகளை, காமிராவை இடம் மாற்றி இடம் மாற்றி வைத்து, 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். விமானத்தின் கம்பீரத்தைக் காட்டுகிற படங்களையும் அவர் எடுத்திருக்கிறார். என்றாலும் அந்த நீண்ட சுருளில்தான் அவருடைய கலையின் சாரம் இருப்பதாக நான் கருதுகிறேன். வானமில்லை, மரமில்லை, முன்புறம் பின்புறம் என்று ஏதுமில்லை. கல்லும் கல்லில் எழுத்துமே படம். எழுத்துகளின் வரிசை கோலமாகவும், உளி பட்ட கல்லின் பரப்பு மேனியாகவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அவருடைய தொழிலுக்காகும் செலவு அரசாங்கத்துக்குத் தகாத ஆடம்பரம் என்று கருதி, கவர்னர் டிரவெல்யன் அதை நிறுத்திவிட்டார். நிறுத்தாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை கோயில்களின் பழைய மேனி நமக்குக் கிடைத்திருக்குமோ என்று எண்ணும்போது மனம் வருந்துகிறது.

மேனிக்கு ஒளி எப்படியோ அப்படிக் கோலத்துக்கு நிற்கும் இடம். விடியற்காலையில் வாசல் தெளித்துப் போட்ட புள்ளிக் கோலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் அமைப்பைக் காட்ட வேண்டுமானால் காமிரா கோலத்துக்கு நேர் மேலே, தரைக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். முகம் சற்றுச் சாய்ந்தாலும் ஒரு பக்கத்துப் புள்ளிகள் நெருங்கியும் மறுபக்கத்துப் புள்ளிகள் அகன்றும் போய், போட்டவள் காத்த சமச்சீர் குலைந்துவிடும். அதற்கு வெயிலும் வேண்டாம். உதயத்துக்கு முந்திய நிழலற்ற வெளிச்சமே போதும். மாறாக, சாணம் தெளித்த மண்ணின் ஈரத்தையும், அதன்மேல் விரலிடுக்கிலிருந்து வழிந்த அரிசிமாவின் பொருபொருப்பையும், மாவைத் தேடி வந்த எறும்பையும் காட்ட வேண்டுமானால், தரையோடு தரையாகக் குனிந்து, முதல் வெயில் பக்கத்திலிருந்து வருடும் தருணத்தில் ஒரு வளைவை மட்டும் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே படத்தில் அடக்க ஆசைப்படுகிறவருக்கு இரண்டும் கைநழுவிப்போகும். எதைச் சொல்ல வருகிறோம் என்று காமிராவைத் தூக்குமுன்பே தீர்மானித்துக்கொள்வது, நான் அறிந்தவரையில், இக்கலையின் ஆரம்பப் பாடமும் கடைசிப் பாடமும் ஆகும்.

கோலத்தைச் சட்டத்தின் நான்கு ஓரங்களையும் தொடும்படி நிரப்பிவிடுவது நல்லது. மாங்காய்ப் பருவத்தில் சித்தூர் மாவட்டத்தின் கூழ்த் தொழிற்சாலைகளுக்குக் கிளிமூக்கு மாங்காய் வண்டி வண்டியாக வந்து குவியும்போது, குவியலின் ஓரமும் அதற்கப்பால் சுவரும் தெரிந்தால் படம் ஒரு செய்தியாக மட்டும் நிற்கிறது. ஓரமே தெரியாமல் மாங்காயாகவே நிறைந்தால், கண் அந்த நிறைவைப் படத்துக்கு வெளியேயும் நீட்டிக்கொண்டு முடிவில்லாத ஒரு குவியலைக் கற்பித்துக்கொள்கிறது. இருந்தாலும், திரும்பத் திரும்ப வருவது மட்டுமே அழகாகிவிடாது. ஒரே உருவம் ஓயாமல் வந்தால் கண் சலித்து விலகிவிடும். பச்சைக் காய்களின் நடுவே பழுத்துச் சிவந்த ஒன்று, அல்லது குவியலைத் தரம் பிரிக்கும் ஒரு கை, அந்த ஒழுங்கைச் சற்றே மீறும்போதுதான் மற்றவை அனைத்தும் ஒழுங்காக இருப்பதே நமக்கு உறைக்கிறது.

இதை ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரித் துணிகளில் இன்னும் நுட்பமாகக் காணலாம். மசூலிப்பட்டினத்துப் பக்கத்தில் மர அச்சுகளைக் கொண்டு பதிக்கும் மரபு வழங்குகிறது. காளஹஸ்தியிலோ, கடுக்காயும் எருமைப் பாலும் ஊட்டிய பருத்தித் துணியின்மீது, மூங்கிற் குச்சியின் முனையில் கம்பளியோ துணியோ சுற்றிய ‘கலம்’ என்னும் எழுதுகோலைக் கொண்டு, இரும்பும் வெல்லமும் ஊறிப் பிறந்த கறுப்பு மையால் கையாலேயே வரைகிறார்கள். கரையில் ஒரே கொடியும் ஒரே பூவும் முழ நீளத்துக்கு வந்தாலும், கையின் காரியமாகையால் ஒரு பூ மற்றொன்றின் பிரதியாக இருப்பதில்லை. அந்த இம்மியளவு வேற்றுமைதான் கோலத்துக்கு உயிர். அத்துணியைப் படம் பிடிக்கிறவர், வரைவைக் காட்ட விரும்பினால் அதைச் சுருக்கமின்றி விரித்து இரு பக்கமும் சமமான ஒளியில் எடுக்கலாம். நூலின் முறுக்கையும் மை ஊறி நின்ற ஓரத்தையும் காட்ட விரும்பினால் ஜன்னலோரத்தில் தொங்கவிட்டுப் பக்கவெளிச்சத்தில் எடுக்க வேண்டும். நெருங்கிய இழையுள்ள துணியை எண்ணியல் காமிராவில் எடுக்கும்போது, நெசவின் வரிசையும் காமிராவின் உணர்பரப்பில் உள்ள நுண்புள்ளிகளின் வரிசையும் மோதி, துணியிலே இல்லாத அலைக் கோடுகள் படத்தில் தோன்றுவதுண்டு. ஓர் அடி முன்னே பின்னே நகர்ந்தாலோ கோணத்தைச் சற்று மாற்றினாலோ பெரும்பாலும் அவை மறைந்துவிடும்.

மேல்நாட்டில் இத்துறையில் பெயர் பெற்றவர்கள் பலர். எட்வர்ட் வெஸ்டன் 1930-ல் எடுத்த ஒரு குடைமிளகாயின் படம், காய்கறிக் கூடைப் பொருள் ஒன்றுக்குச் சிற்பத்தின் மதிப்பைக் கொடுத்ததென்பது உலகறிந்த விஷயம். மங்கலாக, ஓவியத்தைப்போல் தோன்றும்படி எடுப்பதே உயர்ந்த புகைப்படம் என்று அதுவரை இருந்த ருசியை மாற்றி, பொருளின் மேனி உள்ளபடி கூர்மையாகத் தெரிய வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் அவர் முதன்மையானவர்.

இன்றைக்கு ஏறக்குறைய எல்லார் கையிலும் காமிராவுள்ள கைப்பேசி இருக்கிறது. ஆனால் அதில் உள்ள நிரல், மங்கிய வெளிச்சத்தில் படத்தில் தோன்றும் பொட்டுக்களைத் துடைக்கிற சாக்கில் கல்லின் மணிகளையும் தோலின் சுருக்கங்களையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது. முகத்தை அழகுபடுத்தும் வசதியோ, உழைத்துக் காய்ந்த ஒரு கிழவியின் கன்னத்தை மெழுகு பூசியதுபோல் ஆக்கிவிடுகிறது. இவற்றுக்கு மேலாக, படத்தை வாட்ஸப்பில் அனுப்பினால் அது சுருக்கப்படுகிறது. அப்படிச் சுருங்கும்போது பெரிய வடிவங்கள் தப்பிப் பிழைக்க, நுண்ணிய விவரங்களே முதலில் பலியாகின்றன. அதாவது கோலம் போய்ச் சேரும். மேனி வழியிலேயே மடியும். ஆகையால் நல்ல வெளிச்சத்தில் எடுங்கள்; அழகூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள்; அனுப்பும்போது கோப்பாக முழு அளவில் அனுப்புங்கள்; மனத்துக்கு மிகப் பிடித்த படங்களைக் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள்.

இதையெல்லாம் நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் ரசனை மட்டுமன்று. கிருஷ்ணதேவராயர் 1516-ல் எழுப்பிய ஸ்ரீகாளஹஸ்தி ராஜகோபுரம், ஐந்து நூற்றாண்டுக் காற்றையும் மழையையும் தாங்கி நின்ற பின், 2010-ஆம் ஆண்டு மே 26-ந் தேதி இரவில் சரிந்து விழுந்தது. அதே இடத்தில் புதிய கோபுரம் எழும்பி, 2017-ல் குடமுழுக்கும் நடந்தேறியது. பக்தர்களுக்கு அது மகிழ்ச்சி தரும் காரியம், எனக்கும் அப்படியே. ஆனால் பழைய கோபுரத்தின் முழு உருவம் ஆயிரக்கணக்கான படங்களில் இருக்கிறதென்றால், அதன் கல்லின் தேய்வையும் சுதையின் விரிசலையும் கைக்கெட்டும் தூரத்தில் நின்று எடுத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அரசர்கள் கட்டியதற்கே இந்தக் கதியென்றால், புத்தலப்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில் நாட்டு ஓடு போய் சிமெண்டுத் தளம் வருவதையும், மண்சுவர் போய் பளபளக்கும் ஓடு பதித்த சுவர் வருவதையும் யார் கணக்கெடுக்கப் போகிறார்கள்? வசதி வேண்டும் என்று விரும்புகிறவர்களைத் தடுக்க நமக்கு உரிமையில்லை, தடுக்கவும் கூடாது. நம்மால் ஆவது, போகிற பொருளின் மேனியைப் போவதற்குள் பதிந்து வைப்பது.

வருகிற மார்கழியில் ஒரு நாள், சித்தூர்ப் பக்கத்திலோ உங்கள் சொந்த ஊரிலோ, சூரியன் உதித்து அரை மணிக்குள், தெற்கு நோக்கிய பழைய சுவர் ஒன்றின் எதிரே போய் நில்லுங்கள். வீட்டுக்காரரிடம் அனுமதி கேளுங்கள். சுவர் முழுவதையும் ஒரு படமாகவும், ஒரு சாண் பரப்பை மட்டும் மற்றொரு படமாகவும் எடுங்கள். எடுத்த படத்தின் பின்புறத்தில் ஊரின் பெயரையும், தேதியையும், அந்தச் சுவரை எழுப்பியவர் இன்னாரென்று தெரிந்தால் அவர் பெயரையும் எழுதி, ஒரு பிரதியை அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.